நீடித்த உடல் வலியோடு ஜெபிக்கிறவர்களுக்கு: எதை முதலில், எதைப் பிறகு செய்வது?

இடுப்பு, முழங்கால், கழுத்து, தலை என்று ஏதோ ஒரு வலியை மாதக்கணக்கில் சுமந்துகொண்டு ஜெபிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயுற்றவர்களைச் சந்திக்கும் ஜெபக் குழுவில் இருப்பதால் ஒரே தடுமாற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்கள் செய்கிற காரியங்கள் பெரும்பாலும் நல்லவையே. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். உபவாசம் இருந்து களைத்த பிறகு மருத்துவரிடம் போகிறார்கள். சாட்சி சொல்லி முடித்த பிறகு பரிசோதனைக்குப் போகிறார்கள். கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இந்த வழிகாட்டிக்குள் அடங்காத வலிகளை முதலில் பிரித்துவிடுங்கள்

நெஞ்சை அழுத்திக் கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, அதோடு வியர்வை, மூச்சுத் திணறல். திடீரென்று உச்சத்துக்குப் போன தலைவலி. முகம் ஒருபக்கம் கோணி, பேச்சுக் குழறுவது. முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது அல்லது தொடைகளின் இடைப்பகுதி மரத்துப்போவது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது. வயிறு கல்போல் இறுகி வலிப்பது. இவற்றில் எதுவானாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸை அழைத்த பிறகு போதகரை அழையுங்கள். ஜெபம் வண்டியிலும் நடக்கும்.

மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிந்துகொண்டிருக்கிறது. முதுகெலும்பின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கினால், தாமதம் நிரந்தர இழப்பில் முடியலாம். காத்திருப்பது விசுவாசமாகத் தோன்றும் இடங்களில் மிக மோசமான இடம் இதுதான்.

காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் அடங்காத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எலும்பு வலி ஆகியவற்றுக்கு ஓரிரு நாட்களில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, மருத்துவர் சொன்ன காரணம். அதை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே வரியில் எழுத முடிய வேண்டும். முடியவில்லையென்றால் திரும்பப் போய்க் கேளுங்கள். அங்கே கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘எந்த அசைவு எனக்கு ஆபத்து? எந்த அசைவு வலித்தாலும் பாதுகாப்பானது?’ இந்தப் பதில் இல்லாமல் ஆறாவது படிக்கு வந்தால் பயம் உங்களை நடக்கவே விடாது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. அந்தக் கட்டத்தில் திசுவில் உள்ள காயம் ஆறியிருந்தும் நரம்பு மண்டலம் அடங்காமல் இருக்கலாம். தீ அணைந்த பிறகும் அலறிக்கொண்டிருக்கும் எச்சரிக்கை மணியைப் போன்றது இது. வலி உண்மை, ஆனால் ஒவ்வொரு வலியும் புதுச் சேதத்தின் அடையாளம் அல்ல. பயம், தூக்கமின்மை, தனிமை மூன்றும் அந்த மணியின் சத்தத்தைக் கூட்டுகின்றன. ஜெபமும் நடையும் சபையின் துணையும் உடலுக்கு எந்த வழியாக உதவுகின்றன என்பதும் இதிலேயே விளங்கும். கர்த்தர் இவற்றுக்கு அப்பாலும் செயல்படலாம். ஆனால் இந்த வழிகளை நாம் அடைத்துவைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். காலையும் இரவும் 0 முதல் 10 வரை வலியின் அளவு, தூங்கிய நேரம், அன்று செய்ய முடிந்த ஒரு காரியம். ஒரு நாள் பதிவு இவ்வளவுதான்: ‘செவ்வாய். காலை 6, இரவு 5. தூக்கம் ஐந்து மணி நேரம், இருமுறை விழிப்பு. கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறினேன்.’ மூன்றாவது குறிப்பை விட்டுவிடாதீர்கள். எண் மாறாத வாரங்களிலும் செய்ய முடிந்தவை கூடிக்கொண்டு போகும்; முன்னேற்றம் முதலில் அங்கேதான் தெரியும். மணிக்கொரு முறை அளவு எழுதுகிறவர்களும் உண்டு. அது வேண்டாம், கவனம் முழுவதும் வலியிலேயே நிற்கும்.

மூன்றாவது, சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், நாட்டு மருந்துகளும் சேர்த்து. நான்காவது, உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு மனிதர்.

3. மாத்திரையைக் கொண்டு விசுவாசத்தை அளக்காதீர்கள்

நான் அதிகம் வாதிட வேண்டியிருப்பது இந்தப் படியில்தான். ‘மாத்திரை போட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடுமே’ என்று கேட்கிறவர்களிடம் ஏசாயா 38-ஐத் திறக்கச் சொல்வேன். நோயுற்ற எசேக்கியா ராஜா ஜெபித்தான், ஆயுசோடு பதினைந்து வருஷம் கூட்டப்படும் என்ற வாக்கும் வந்தது. அதே அதிகாரத்தின் 21-ஆம் வசனத்தில் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா. வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தவை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் பவுல் யோசனை சொன்னதும் இந்த வகைதான் (1 தீமோத்தேயு 5:23).

இயேசு சிலுவையில் அறையப்படும் முன் கொடுக்கப்பட்ட, வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை ஏற்கவில்லையே என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது அவருடைய பாடு. அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றி அவரே சொன்ன உவமையில் சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுகிறான் (லூக்கா 10:34).

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை இவை. ஸ்டீராய்டு, வலிப்புக்கான மருந்து, நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின், பிரிகாபலின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஜெபம் முடிந்த உற்சாகத்தில் மாத்திரைகளைக் குப்பையில் போட்டவர்கள் சில நாட்களில் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனதுண்டு.

மறுபக்கத் தவறும் இருக்கிறது. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. கல்லீரல் கோளாறு, மதுப் பழக்கம், குறைந்த எடை உள்ளவர்களுக்கு எல்லை இன்னும் கீழே. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருப்பதால் தெரியாமல் அளவு கூடிவிடும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையை நாள்கணக்கில் விழுங்கினால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம்; அவற்றில் இரண்டைச் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. தலைவலிக்காரர்கள் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும்.

4. ஜெபிக்கும் நிலையைச் சரிசெய்யுங்கள்

யாரும் எதிர்பார்க்காத இடம் இது. முழங்கால் தேய்ந்தவர் ஒரு மணி நேரம் கடினத் தரையில் முழங்காலிடுகிறார். கழுத்து வலிக்காரர் கனமான வேதாகமத்தை மடியில் வைத்து, தாடை மார்பில் படும்படி குனிந்து வாசிக்கிறார். இடுப்பு வலி உள்ளவர் ஆராதனை முழுவதும் நின்றே தீருகிறார். பிறகு வலி ஏன் கூடியது என்று அவர்களுக்கே புரிவதில்லை. ‘சத்துருவின் தாக்குதல்’ என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்த உட்காரும் முறைதான்.

தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஜெபித்தான் (2 சாமுவேல் 7:18). எசேக்கியா படுக்கையில் சுவர்ப்புறமாகத் திரும்பி ஜெபித்தான். அந்த ஜெபம் கேட்கப்பட்டது. ஆகவே நிலையை மாற்றுவதால் பயபக்தி குறைந்துவிடாது.

முதுகு சாயும் நாற்காலி, பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முழங்கால், இடுப்பு மட்டத்தைவிட மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேதாகமத்தை மேசைமேல் நான்கைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து வையுங்கள். கண் சற்றே தாழ்ந்தால் போதும், கழுத்து தாழக் கூடாது. எழுத்து சிறியதாக இருந்தால் தலை தானாக முன்னே நீளும். அப்போது பெரிய எழுத்துப் பதிப்போ, கண்ணாடியோ, ஒலி வேதாகமமோ தேவை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். எழுந்து நின்றே ஒரு சங்கீதத்தை வாசிக்கலாம். ஓய்வும் கிடைக்கும், ஜெபமும் தடைபடாது.

5. என்ன கேட்பது என்பதைத் தெளிவாக்குங்கள்

‘வலியை எடுத்துப்போடும்’ என்று மட்டும் ஜெபிக்கிறவர் ஒவ்வொரு காலையும் தோல்வியோடு எழுகிறார். அந்த விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். அதோடு அன்றைக்கான ஒன்றைச் சேருங்கள். ‘இன்று பயமில்லாமல் பத்து நிமிடம் நடக்க உதவும்.’ ‘பரிசோதனை முடிவைக் கேட்கும்போது மனம் பதறாமல் காத்துக்கொள்ளும்.’ ‘வலியில் வீட்டாரிடம் எரிந்து விழாமல் இருக்கச் செய்யும்.’ இவற்றுக்குப் பதில் வந்ததா என்று அன்று இரவே தெரியும். நம்பிக்கை தளராமல் இருக்க இது பெரிய துணை.

புலம்பலுக்கும் இடம் கொடுங்கள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வரி ஏதும் இல்லாமலே முடிகிறது, ஆனாலும் வேதத்தில் இருக்கிறது. வலிக்கும்போது சிரித்த முகம் காட்டுவதை விசுவாசம் என்று எண்ணுகிறவர்கள் இரட்டைச் சுமை சுமக்கிறார்கள்.

ஆண்டவருக்குக் கெடு வைக்காதீர்கள். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டினார். வந்த பதில் ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்பது. அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). எந்தப் பாவத்தால் இந்த வலி என்று தோண்டுவதையும் விடுங்கள். பிறவிக்குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்ட கேள்வி அதுதான். இயேசு அந்தக் கேள்வியின் அடிப்படையையே மறுத்தார் (யோவான் 9:3).

நாளுக்கு இருமுறை ஐந்து நிமிடம் மூச்சோடு ஜெபியுங்கள். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று மனதில் சொல்லி மெல்ல மூச்சை இழுங்கள். ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று சொல்லி அதைவிட நீளமாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு வரை இறங்கினால் நல்லது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, தோளும் தாடையும் இளகுகின்றன. தலைசுற்றினால் மிக ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். சாதாரண மூச்சுக்குத் திரும்புங்கள்.

6. நடை: நல்ல நாளில் அடக்கம், கெட்ட நாளில் கொஞ்சமாவது

வலி குறைந்த நாளில் விட்ட வேலையெல்லாம் ஒரே மூச்சில் செய்வது, மறுநாள் முதல் மூன்று நாள் படுத்துக்கிடப்பது. இந்த வட்டம்தான் பலரை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. ஜெபக் கூட்டத்தில் சற்று இலகுவாக உணர்ந்த அன்றைக்கே வீட்டுச் சாமான்களை நகர்த்துகிறவர்கள் இதில் முன்னணியில் இருக்கிறார்கள்.

கெட்ட நாளிலும் நடக்க முடிகிற நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அது ஐந்து நிமிடம் என்றால் தினமும் ஐந்து நிமிடம்தான், நல்ல நாளிலும். ஒரு வாரம் நிலைத்த பிறகு பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். நடந்த பிறகு வலி இரண்டு எண்ணுக்குள் கூடி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. வராவிட்டால் நிறுத்தாமல் குறையுங்கள். சாதாரண இடுப்பு வலிக்குப் படுக்கை ஓய்வு தீங்கு என்பது மருத்துவத்தில் நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. படுத்தே இருந்தால் தசை தளர்ந்து, அசைவைப் பற்றிய பயம் வளரும்.

உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி. அது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் வாரத்தின் இலக்கு அல்ல. மற்றவர்களுக்காகச் செய்யும் மன்றாட்டு ஜெபத்தை நடைக்கு மாற்றிவிடுங்கள். ஒரு பெயருக்கு ஒரு சுற்று என்று வைத்தால் நேரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நடையும் விட்டுப்போகாது.

7. தூக்கம்

வலி தூக்கத்தைக் கெடுக்கும். கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டும். ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, ஒரே நேரத்தில் படுப்பதைவிட முக்கியம். பக்கவாட்டில் படுப்பவர் முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்து படுப்பவர் முழங்கால்களுக்கு அடியிலும் தலையணை வைத்தால் இடுப்பு இளகும்.

முழு இரவு ஜெபத்தைச் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள். சோர்ந்து சாகக் கேட்ட எலியாவிடம் தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், எழுப்பி, ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்றான், மறுபடியும் தூங்கவிட்டான். ஓரேபில் கர்த்தர் பேசியது அதற்குப் பிறகுதான் (1 இராஜாக்கள் 19).

8. உணவு, எடை, உபவாசம்

வலியைத் தீர்க்கும் ஒற்றை உணவு எதுவும் கிடையாது. காய்கறி, பழம், பருப்பு, போதிய புரதம், போதிய தண்ணீர். சர்க்கரையும் பொரித்ததும் குறைவு. அவ்வளவே. முழங்கால் வலியோடு எடையும் கூடுதலாக இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் இறங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. புகைப்பிடித்தல் முதுகெலும்பின் வட்டுகளுக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் காயம் ஆறுவதையும் கெடுக்கிறது.

இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு உபவாசம் இருப்பது இரைப்பையைப் புண்ணாக்கலாம். திரை பார்ப்பதையோ வீண்பேச்சையோ விட்டு உபவாசம் இருக்கலாம். கழுத்துக்கும் அது நல்லது.

9. சபையை அழைக்கும் முறை

யாக்கோபு 5:14-ல் வியாதிப்பட்டவன்தான் மூப்பர்களை வரவழைக்கிறான். ஆகவே எப்போது, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ‘மாலை ஐந்து மணிக்கு இரண்டு பேர் வாருங்கள், அரைமணி நேரம் போதும்’ என்று முன்கூட்டியே சொன்னால் யாரும் மனம் வருந்துவதில்லை. சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அடுத்த முறை கதவையே திறப்பதில்லை.

ஜெபத்தோடு ஒரு கைவேலையும் கேளுங்கள்: மருத்துவமனைக்குத் துணை, கனமான சாமானைத் தூக்க ஆள், தினமும் கூட நடக்க ஒருவர். திமிர்வாதக்காரனைக் கொண்டுவந்த நால்வரின் விசுவாசத்தை இயேசு கண்டது, அவர்கள் கட்டிலைச் சுமந்து கூரையைப் பிரித்த பிறகு.

மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், குணமாக்கப் பணம் கேட்பவர், குணமாகாததற்கு உங்கள் விசுவாசக் குறைவைக் காரணம் காட்டுபவர் ஆகிய மூவரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். மறைவான பாவம் இருக்கிறதா என்று யாராவது துருவினால், ‘அதை நான் ஆண்டவரிடம் பேசிக்கொள்கிறேன்’ என்று நிறுத்திவிடலாம்.

10. வலி மூண்டெழும் நாளுக்கான தாள்

இதைச் சுகமான நாளிலேயே எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். வலியின் நடுவில் யோசிக்க முடியாது. வரிசை: முதல் படியில் சொன்ன ஆபத்து அறிகுறி இருக்கிறதா என்று பார்ப்பது. மருத்துவர் அனுமதித்த மாத்திரை, அளவோடு. இறுகிய தசைக்கு இதமான சூடு. புதிதாக அடிபட்ட இடத்துக்கு முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் சூடு வைக்கக் கூடாது, சுட்டாலும் தெரியாது. பிறகு மூச்சு ஜெபம். நடையைப் பாதியாக்குங்கள், பூஜ்யமாக்காதீர்கள். கடைசியாக, இரண்டாம் படியில் சொன்ன அந்த ஒரு மனிதருக்கு ஒரு செய்தி.

11. சாட்சி சொல்லும் முன்

பத்துக் குஷ்டரோகிகளையும் ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார் இயேசு; போகும் வழியில் அவர்கள் சுத்தமானார்கள் (லூக்கா 17:14). பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்று ஆசாரியர்களுக்கு இருந்தது. இன்று மருத்துவருக்கு இருக்கிறது. வலி குறைந்தால் வீட்டில் உடனே நன்றி சொல்லுங்கள். மேடையில் சொல்வதைப் பரிசோதனை முடிந்து சில வாரங்கள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக ஒலிபெருக்கியில் சொன்னவருக்கு வலி திரும்பும்போது, அதை வெளியே சொல்ல வெட்கம் தடுக்கிறது, சிகிச்சை தாமதமாகிறது. முழுதும் குணமாகாமலும் சாட்சி சொல்லலாம்: ‘வலி இன்னும் 4-இல் இருக்கிறது, ஆனால் படி ஏறுகிறேன், இரவில் தூங்குகிறேன்.’

ஆறு வாரம் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். செய்ய முடிந்தவை கூடியிருந்தால் மருந்தைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் இயன்முறை மருத்துவரையோ வலி சிகிச்சை நிபுணரையோ பார்க்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே சொல்லிவிடுங்கள், மருத்துவரிடமும் உங்களோடு நடக்கிறவரிடமும்.